வற்றிப்போனதாக நான் சொன்ன கிணறு

சாலைக்கு நிலம் அளந்த அன்று எங்கள் காட்டில் இருந்தவர்கள் ஆறு பேர்: நில எடுப்புத் தாசில்தார், சர்வேயர், நாடா பிடிக்க ஓர் ஆள், ஊருக்குப் புதிதாக வந்திருந்த கிராம நிர்வாக அலுவலர், அக்கா, நான். ஊர்க்காரர் ஒருவர் இருந்திருந்தாலும் நான் சொன்னதை மறுத்திருப்பார்.

அக்கா காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் பிறந்து, அரூர்ப் பக்கம் வாக்கப்பட்டு, மாமா காலமானதும் கைக்குழந்தையோடு திரும்பி வந்தவர்கள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட என்னையும் சேர்த்து வளர்த்தார்கள். பட்டுக்கூடு விற்ற காசில் ஒன்றரை ஏக்கர் வாங்கி, கிணறு வெட்டி, மல்பெரி வைத்தார்கள்.

நிலம் அளந்த வாரம்தான் பட்டுப்புழுவுக்குத் தழையெல்லாம் வெட்டிப் போட்டு, செடிகள் மொட்டைக் கட்டையாக நின்றன. அக்கா மோர் எடுத்துவர வீட்டுப்பக்கம் போயிருந்தார்கள். தாசில்தார் கிணற்றைக் காட்டி, "தண்ணி இருக்குதா? மோட்டார் ஓடுதா?" என்றார். நாங்கள் அனுமதி வாங்கியது ஐந்து எச்.பி.க்கு, ஓடியது ஏழரை. மின்வாரியத்துக்குத் தெரிந்தால் அபராதம் போட்டு ஃபியூசைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்தேன்.

"வத்திப் போச்சுங்க சார்."

மானாவாரி, தரிசு என்று எழுதிக்கொண்டார்கள். மோர்ச் சொம்போடு வந்த அக்கா கேட்டுக்கொண்டே நின்றார்கள். அதிகாரிகள் போனபிறகு, "ஏன்க்கா வாயே தொறக்கல?" என்றேன்.

"நாலு பேரு முன்னாடி உன்னையப் பொய்யன்னு சொல்லச் சொல்றியா? கரண்டுக்காரனுக்குப் பயந்து ரோட்டுக்காரங்கிட்ட மாட்டிக்கிட்டியேடா!"

இழப்பீடு மானாவாரி விலைக்கே வந்தது. "கையெழுத்து மட்டும் போடுங்கம்மா" என்றார் எழுத்தர். அக்கா, 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித்தான் வாங்கினார்கள். பின்னால் கூடுதல் கேட்க அந்த வார்த்தை வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு தருமபுரிக்கு எத்தனை வாய்தா போனோம் என்று எண்ணிப்பார்க்க எனக்குத் தெம்பில்லை. போனால் தேதி தள்ளும், திரும்பி வருவோம். கடைசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தது என்றேன்.

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?" என்றார் விசாரித்த அதிகாரி.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா எழுந்தார்கள்.

"ரெண்டு நாளும் அவன் பயந்துக்கிட்டுதாங்க பேசறான். கிணத்தக் காட்டலாம்னா அதுமேல லாரி ஓடுது. இதைப் பாருங்க" என்று பட்டுக்கூடு அங்காடி ரசீதுகளைப் பையோடு எடுத்து வைத்தார்கள். தண்ணீரில்லாமல் மல்பெரி ஏது, மல்பெரியில்லாமல் கூடு ஏது?

பாசன நிலம்தான் என்று உத்தரவாயிற்று. பணம் மட்டும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் மேலிடத்துக்கு எழுதியிருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்குள் அக்காவுக்கு நெஞ்சுவலி வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம்.

"பணம் வந்துச்சாடா?"

"வந்துரும்க்கா."

"இப்பவாச்சும் நெசத்தச் சொல்லு."

"வரலக்கா."

அக்காவும் நானும் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான்.

வாய்தா நாளெல்லாம் எங்கள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கும், ரசீதுகளை வருடவாரியாக அடுக்கித் தந்த அக்கா மகளுக்கும், முன்பணம் கேட்காத வக்கீலுக்கும், காரியத்துக்கு வந்து உடன் நின்ற உங்கள் அனைவருக்கும் என் கும்பிடு. அக்கா போய் வருடம் ஒன்றாகிவிட்டது, பணத்துக்கு இன்னும் எத்தனை நடை இருக்கிறதோ தெரியவில்லை. அக்கா பெயரில் வரவேண்டியது பதினொரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து இருநூறு ரூபாய்.