சவுக்குத் தோப்புக்குள் போக அனுமதி

போன வாரம் இறால் வாங்கக் கிளம்பியவள், இறால் இல்லாமல், புடவை முழுக்கக் கரியோடு திரும்பினேன். கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் வாசலில் வாட்ச்மேனுக்கே என்னை அடையாளம் தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

செய்யூர் பக்கம் கடலோரமாக ஒரு சவுக்குத் தோப்பு இருக்கிறது. சுனாமி வந்தபோது அதன் பின்னாலிருந்த இருளர் குடிசைகள் தப்பியது அந்த மரங்களால்தான். அதற்குப் பிறகு அதிகாரிகள் வந்தார்கள், தோப்பைக் காக்க ஊர்க்காரர்களை வைத்தே ஒரு கமிட்டி வந்தது. மழையை நம்ப முடியவில்லை, வெயில் ஏறுகிறது, கடலும் கிட்டே வருகிறது... இருக்கிற தோப்பையாவது காப்பாற்ற வேண்டாமா? சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். யாரும் உள்ளே போகக் கூடாது, அடுப்புக்குச் சருகு வாரக் கூடாது, பச்சைக் கிளை ஒடிக்கக் கூடாது என்று தீர்மானம்.

கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடித்து எனக்கு விற்கும் கன்னியம்மாவும் கமிட்டி மெம்பர். அவளும்தான் கை தூக்கினாள். முள்கம்பியை ஒட்டித்தான் அவள் குடிசை. தோப்பு போனால் தன் வீடும் போகும் என்கிற பயம் அவளுக்கு.

அன்றைக்கு நான் போய் வண்டியை நிறுத்துகிறேன், தோப்புக்குள் புகை. வாராமல் விட்ட சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. நெருப்பு அதில் ஊர்ந்து, மெதுவாகக் குடிசைப் பக்கம் வருகிறது.

ஆண்களும் பெண்களும் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் முள்கம்பிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள்! நிறுத்தியது கன்னியம்மா.

"இருங்க. நம்மளே கை தூக்கிப் போட்ட ரூலு. தலைவரை ஒரு வார்த்தை கேட்டுக்கினு போலாம்."

என் செல்போனில் கமிட்டித் தலைவரைப் பிடித்தோம். அவர் செங்கல்பட்டில் ஏதோ மீட்டிங்கில் இருந்தார். பருவநிலை மாற்றம் பற்றிய மீட்டிங் என்று பிற்பாடு தெரிந்தது. பதறத்தான் செய்தார், பாவம். ஆனாலும் மேலே கேட்டுச் சொல்கிறேன், லைனிலேயே இருங்கள் என்றார்.

இருந்தோம். லைனில் யார் யாரோ பேசும் சத்தம் கேட்டது, பதில் மட்டும் வரவில்லை. இந்தப் பக்கம் சருகு படபடவென்று வெடித்தது. கன்னியம்மா என் முகத்தைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்... சட்டென்று முள்கம்பியைத் தூக்கிக் குனிந்து உள்ளே போய்விட்டாள்.

பின்னாலேயே எல்லோரும் போனோம். பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்தோம், மணலை வாரி இறைத்தோம். குடிசை தப்பியது. தோப்பில் ஒரு மூலை மட்டும் கருகிப்போனது. அப்புறம்தான் போனைப் பார்த்தேன், லைன் எப்போதோ கட்டாகியிருந்தது.

நேற்று மறுபடி போனேன். கமிட்டி கூடிவிட்டதாம். நெருப்பை அணைத்தவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு தீர்மானம். பச்சைக் கிளையை ஒடித்தது யார் என்று விசாரிக்க இன்னொரு தீர்மானம். இரண்டுக்கும் கன்னியம்மா கை தூக்கியிருக்கிறாள். சருகைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாமாம்.

அக்னி நட்சத்திரம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. கருகாத பக்கமெல்லாம் சருகு அப்படியே கிடக்கிறது. இறாலை நிறுத்துப் பையில் போட்டுக்கொண்டே கன்னியம்மா மெதுவாகக் கேட்டாள்:

"அடுத்த தபா நெருப்பு வந்துச்சின்னா, கேட்டுக்கினு போறதா மேடம்... போய்ட்டு கேக்குறதா?"