அரவேணு ராசுவின் இடது கை

அரவேணு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ராசுவின் டீக்கடை. அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அவர் பிறந்தது கோத்தகிரியில்தான். ஆனாலும் பால் சேர்க்காத டீயைப் பிளேன்டீ என்றே சொல்வார். டீ ஆற்ற இரண்டு கையும் வேண்டும். ஐம்பது வயது தாண்டிய பிறகு, ஒரு மழை நாள் காலையில், பால் பாத்திரத்தைத் தூக்கும்போது இடது கை அவர் சொன்னதைக் கேட்கவில்லை. பாத்திரம் கவிழ்ந்தது. அவரும் சாய்ந்தார்.

பக்கவாதம் என்றார்கள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில மாதங்களில் கால் வழிக்கு வந்தது. கை வரவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி அப்படியே நின்றுவிட்டன. மனைவி சுப்பம்மா எஸ்டேட் வேலையை விட்டுவிட்டுக் கடையில் நின்றார். ராசு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.

கோத்தகிரி சமுதாயக் கூடத்தில் நடந்த முகாமைப் பற்றி முதலில் சொன்னவர் பஸ் கண்டக்டர் சகாயம். கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் நரம்புத் தொழில்நுட்ப மையத்திலிருந்து வந்திருந்தார்கள். பொதுமக்களுக்கு மூளை அலைகளைக் காட்டினார்கள். சகாயம் தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"கண்ண மூடுனா அலை பெருசாகுதுங்க, தொறந்தா சின்னதாகுது. எனக்கும் மூளை இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றார். பிறகு ராசுவின் பக்கம் திரும்பி, "கை வராதவங்களுக்குக் கையுறை ஒண்ணு வெச்சிருக்காங்க. போய்த்தான் பாருங்களேன்" என்றார்.

மறுநாளே சுப்பம்மா கடையை அடைத்துவிட்டுக் கணவரை அழைத்துப் போனார். அங்கே ஷண்முகப்ரியா என்ற ஆராய்ச்சி மாணவி எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாள். தொப்பி மூளையின் அலையைப் படிக்கும். கையைத் திறக்க வேண்டும் என்று நினைத்தால், மோட்டார் வைத்த கையுறை விரல்களை விரிக்கும். இது ஆராய்ச்சி என்பதால் இரண்டு குழுக்கள். ஒரு குழுவுக்குக் கையுறை அவர்கள் நினைப்பைக் கேட்டுத் திறக்கும். இன்னொரு குழுவுக்குத் தானாகத் திறக்கும். யார் எந்தக் குழு என்பது கடைசியில்தான் தெரியும். ராசு தலையாட்டினார். அவர் கண் கையுறையின் மேலேயே இருந்தது.

ஆராய்ச்சியில் சேர்ந்து, வாரம் இருமுறை கோத்தகிரிக்குப் பஸ் ஏறினார். தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது. தொப்பிக்கடியில் தடவும் பசை முடியில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் 'திற' என்று மனதுக்குள் சொன்னார். கையுறை மெல்ல விரிந்தது. பல மாதங்களாகப் பார்க்காத தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு கடையில் இதே பேச்சுதான். "நெனச்சாப் போதும், தொறக்குது" என்பார். டீ குடிக்க வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவரும் சலிக்காமல் சொன்னார். மாதங்கள் போகப் போக விரல்களின் இறுக்கமும் கொஞ்சம் தளர்ந்தது.

ஆராய்ச்சி முடிந்ததும் ஷண்முகப்ரியா அவரைத் தனியாக உட்காரவைத்தாள்.

"ராசண்ணா, நீங்க ரெண்டாவது குழுவுல இருந்தீங்க."

"அப்படின்னா?"

"கையுறை உங்க நெனப்பக் கேட்டுத் தொறக்கலீங்ணா. வேற ஒருத்தரோட மூளை அலைப் பதிவ வெச்சுத் தானா தொறந்துச்சு. எனக்கே இப்பத்தான் தெரியும். நீங்க விரும்புனா இனி நெசமான மெஷின்ல செய்யலாம்."

ராசு தன் இடது கையைப் பார்த்தார். "அப்ப நான் நெனச்சதெல்லாம்?" என்று மட்டும் கேட்டார். அவர் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சில நாட்கள் அவர் கடைக்குப் போகவில்லை. கை வராததைவிட, ஊர் முழுக்கச் சொன்னது பொய்யாகிப்போனதுதான் அவரை வருத்தியது. மனைவியிடம் ஒருவழியாகச் சொன்னபோது சுப்பம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டார்.

"மொதல்ல ஒங்க வெரல்ல நகம் வெட்ட முடியாது. இப்ப வெட்டுறேன். அதும் பொய்யா?"

"அது வேற."

"என்ன வேற? கோவம்னா அவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க. எங்கிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சு என்ன பண்ண?"

நோயாளிகளையும் குடும்பத்தாரையும் கூட்டி மையம் நடத்திய கூட்டத்துக்கு ராசு போனார். கேள்வி நேரத்தில் எழுந்து நின்றார்.

"ரெண்டு குழுன்னு மொதல்லயே சொன்னீங்க. தப்பு சொல்லல. ஆனா கை தொறக்குறதப் பாத்த மனுசனுக்கு அது மறந்துபோவுது. ஒருக்காச் சொல்லிட்டு விட்டுராதீங்க. வர்றப்பல்லாம் சொல்லுங்க."

பேராசிரியர் மறுக்கவில்லை. ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் குழுவிடம் கேட்டு மாற்ற வேண்டும் என்றார். சில மாதம் கழித்து மாற்றினார்கள். இப்போது தொப்பி மாட்டும் முன் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள்.

ராசு நிஜமான மெஷினில் உட்கார்ந்த முதல் நாள் கையுறை அசையவே இல்லை. வியர்த்தது. நெற்றி வலித்தது. "பொய்யி நல்லா வேல செஞ்சுச்சு தங்கச்சி, நெசந்தான் படுத்துது" என்றார். ஷண்முகப்ரியா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். அவரும் சிரித்தார். சில வாரங்களில் கையுறை சில தடவை விரிந்தது, பல தடவை விரியவில்லை. விரியாதபோது அவர் ஏமாறவில்லை. விரிந்தபோது அது தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்தது.

பிறகு அடுத்த முகாமுக்காக மெஷின் கூடலூர்ப் பக்கம் போய்விட்டது. வீட்டில் செய்யப் பயிற்சிகள் சொல்லிக்கொடுத்துப் போனார்கள். சில நாள் செய்கிறார், சில நாள் விட்டுவிடுகிறார்.

டீ ஆற்றும் அளவுக்குக் கை வரவில்லை. இனி வராது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். சுப்பம்மாவின் டீயே நன்றாக இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். பார்சல் மட்டும் ராசுவின் பொறுப்பு. தேயிலை ஃபேக்டரி ஆட்கள் கொண்டுவரும் ஃபிளாஸ்க்கை மேஜைமேல் வைத்து, இடது விரல்களை ஒவ்வொன்றாக அதன் கழுத்தைச் சுற்றிப் படியவைப்பார். வலது கையால் டீயை ஊற்றுவார். கொஞ்சம் சிந்தும். துணியால் துடைத்துவிட்டு, மூடியைத் திருக சுப்பம்மாவிடம் நீட்டுவார்.