ஆணியில் தங்காத ஸ்வெட்டர்

கம்பளித் துணி வெளுப்பதில் அந்தச் சலவைக் கடைக்காரரை மிஞ்ச ஆளில்லை. வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் பதவிசு. ஸ்வெட்டரை அடிக்க மாட்டார், முறுக்கிப் பிழிய மாட்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் பச்சைக் குழந்தையைப் போல அமுக்கி எடுத்து, துண்டில் ஒற்றி, மேசைமேல் படுக்கப்போட்டு உலர்த்துவார். அவர் கையில் ஒரு ஸ்வெட்டர்கூடச் சுருங்கியதில்லை. அந்தப் பதவிசில் கால்வாசி கம்பளி அல்லாதவர்களுக்கும் கிடைத்திருக்கலாம் என்று நினைத்த ஒரே ஆள் அவர் மனைவி.

"கடை ஐஸ் பெட்டி மாதிரி இருக்குங்க. ஒரு ஹீட்டர் வைங்களேன்."

"காயற கம்பளிக்குச் சூடு ஆகாது."

"எனக்குக் குளிர் ஆகாது."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் ஸ்வெட்டர் கைகளை விரல்நுனிவரை இழுத்து மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பொத்தான் தைத்தாள். ஒரு குளிர்காலத்தில் சளி நெஞ்சில் இறங்கிப் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய பழுப்பு ஸ்வெட்டரை அவர் துவைக்காமலே ஆணியில் மாட்டி வைத்தார்.

அது ஆணியில் தங்கவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் அவள் நாற்காலியில் இருக்கும். கைகளின் நுனி இழுபட்டிருக்கும்.

"மாப்ள, இது உன் வேலைதானே?" என்று இஸ்திரி போடும் மைத்துனனைப் பிடித்தார்.

"அக்கா இருந்தப்பவே அவ பொருளைத் தொட எனக்குத் தைரியம் கிடையாது மாமா. இப்ப வந்துடுமா?"

பதவிசுக்குச் சோறு இறங்கவில்லை. சொந்தக் கடைக்குள் நுழையவே கால் கூசியது. கடைசியில் ஒரு வழி தோன்றியது. போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லையென்றால் எதற்கு வரப்போகிறாள்? ஆயுளில் முதல் முறையாகக் கம்பளிக்கென்று தண்ணீரைக் கொதிக்க வைத்தார்.

சோப்பைப் போட்டு அவர் கசக்கிய கசக்கலைப் பார்த்து மைத்துனன் வாய்பிளந்தான். "பாவம் மாமா, சுருங்கிடும். ஆமா, மழை கொட்டினாலும் ஆட்டு மேல இருக்கறது மட்டும் ஏன் சுருங்கறதில்ல?"

"ஆட்டுக்கு யாருடா வெந்நீர் வெச்சுக் கசக்கறா? ஒவ்வொரு முடியிலயும் கண்ணுக்குத் தெரியாத செதிள் இருக்கு, மீனுக்கு இருக்கற மாதிரி. ஆட்டு மேல எல்லா முடிக்கும் வேர் தோல்ல, நுனி வெளியில. ஒரே பக்கமாப் படுத்திருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு வேற. உரசினாலும் வழுக்கிடும். வெட்டி நூலாக்கிட்டா வேரும் நுனியும் தாறுமாறாயிடுது. அப்புறம் சூடு, சோப்பு, கசக்கல் மூணும் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு கவ்விக்கும். முன்னால நகரும், திரும்பி வராது."

"உயிரோட இருக்கற வரைக்கும் விட்டுக்கொடுத்துப் போகும். அப்புறம்தான் கவ்விக்கும்னு சொல்லுங்க."

பதவிசின் கை தொட்டியிலேயே நின்றது. "வாயை மூடிக்கிட்டு இஸ்திரியைப் பாரு."

ஸ்வெட்டர் பொம்மைக்குக்கூடப் பத்தாத கெட்டி அட்டையாக வெளியே வந்தது. அன்று வயிறாரச் சாப்பிட்டார். திரும்பி வந்தால் நாற்காலியில் டாக்டரம்மாவின் நீல ஸ்வெட்டர். மறுநாள் பள்ளிக்கூட வாத்தியாருடையது. இரண்டிலும் கைநுனி இழுபட்டிருந்தது.

டாக்டரம்மா வாங்கும்போதே முகம் சுளித்தார். "யாரு இதைப் போட்டது? கை இப்படித் தொங்குது? தொட்டா ஜில்லுனு வேற இருக்கு."



"அக்காவுக்குக் குளிருது மாமா," என்றான் மைத்துனன். இந்த முறை அவன் குரலில் கிண்டல் இல்லை.

அன்றே ஹீட்டர் வந்தது. உலர்த்தும் மேசையைப் பின்னறைக்குத் தள்ளினார். ஹீட்டரை நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்து, தான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலிமேல் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

வந்து பார்த்தபோது வாடிக்கையாளர் துணி எதுவும் நகர்ந்திருக்கவில்லை. அவருடைய ஸ்வெட்டர் நாற்காலியில்தான் இருந்தது. கைகள் இரண்டும் முழங்கைவரை மடித்து விடப்பட்டிருந்தன, உடம்பில் சூடு ஏறியவர்கள் மடித்துவிடுவதைப் போல.

பதவிசு வெறும் சட்டையோடு நின்றார். பல் தந்தியடித்தது. 'அதைக் கொஞ்சம் கொடேன்' என்பது வாய்வரை வந்தது. அவள் கேட்டபோது தான் என்ன சொன்னோம் என்பதும் கூடவே வந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.