வேலிக்கு அங்கால் சொன்ன பேர்

லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கானாக்காரி, ஆபிரிக்காவில் கானா நாட்டவள், இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளமை. என்னை மம்மி என்றுதான் கூப்பிடுவாள். நல்ல மனிசி. என்றாலும் அவளில் எனக்கிருந்த பொறாமை லேசுப்பட்டதல்ல. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், சுற்றிவளைத்து எழுதத் தெரியாது. உள்ளதை எழுதுகிறேன்.

என் மனிசன் ஊரில் செத்தபிறகுதான் மகன் என்னை லண்டனுக்கு எடுப்பித்தான். முதல் சில வருசம் ஆடி மாதத்தில் தகப்பனுக்குத் திவசம் ஒழுங்காய்ச் செய்தான். ஐயரைக் கூப்பிட்டு, வேட்டி கட்டி, தகப்பன் பேரையும் பாட்டன் பேரையும் சொல்லி எள்ளுந் தண்ணியும் விடுவான். அந்தப் பேரை அவன் வாயால் கேட்பதற்காகவே நான் சமைக்கிற குசினி வாசலில் வந்து நிற்பேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தப் பேரை நான் உச்சரித்ததில்லை. புருசன் பேரைப் பெண்சாதி சொல்லக்கூடாது. பாங்கில் காசு எடுக்கப் போய்க் கேட்டாலும் மகன் முகத்தைத்தான் பார்ப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவனுக்கு வேலை போனது. குடிக்கவும் தொடங்கினான். அந்த நேரம் யாரோ ஒரு தமிழ் ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். குடியை விட்டான், அது உண்மை. அதோடு திவசத்தையும் விட்டான்.

"செத்தவைக்குப் படைச்சதை நான் தொடமாட்டன் அம்மா."

"அப்ப உன்ரை அப்பரை ஆர் கூப்பிடுறது?"

"அவர் கர்த்தரின்ரை கையிலை."

"அந்த மனிசன் முருகனைத் தவிர ஒருத்தற்றை கையிலையும் இருந்தவரில்லை."

அந்த ஆடிக்கு நான் தனிய இலை போட்டேன். அவன் பாணை டோஸ்டரில் சுட்டு, நின்றபடியே தின்றுவிட்டுப் போனான்.

கானாக்காரியும் வேதக்காரிதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெள்ளை உடுத்திச் சேர்ச்சுக்குப் போவாள். ஆனால் வீட்டில் விசேசம் என்றால், செத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நிலத்தில் சாராயம் ஊற்றாமல் ஒருவர் வாயிலும் ஒன்றும் படாது. உங்கள் பாஸ்டர் ஏசமாட்டாரோ என்று ஒருநாள் வேலிக்கு மேலால் கேட்டேன். என் இங்கிலீசு அரைவாசி, மிச்சம் கைதான்.

"ஏசுவார் மம்மி. அந்தக் காலத்து வெள்ளைப் பாதிரிமாரும் என்ரை பாட்டியை ஏசினவை, பேய்க்கு ஊத்துறாய் எண்டு. அவ ஞானஸ்நானமும் எடுத்தா, ஊத்துறதையும் விடேல்லை. கடவுள் பெரியவர். பெரியவரைப் பாக்கப் போகேக்கை வீட்டாக்களை வெளியிலை விட்டிட்டோ போறது?"

அவளுக்கு இரண்டும் ஒரு வீட்டில் கிடந்தது. எனக்கு ஒன்று வந்து மற்றதைத் துரத்திவிட்டது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவளின் தாய் செத்த ஆண்டு நிறைவுக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டாள். பின்வளவு முழுக்கக் கறுப்பும் வெள்ளையும் உடுத்த சனம். மகன் பைபிளோடு வந்தான். அவளின் தமையன் சேர்ச்சில் ஒரு பெரியவர். முதலில் யேசுவின் பேரில் ஜெபம். பிறகு பச்சைப் போத்தலைத் திறந்து, கடவுளை, பூமியை, செத்தவர்களை வரிசையாய்க் கூப்பிட்டு, பேருக்குப் பேர் ஒரு சொட்டு விட்டார். எல்லாரும் ஒரே குரலில் பதில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

என் பிள்ளை சாப்பாட்டுக் கோப்பை நிறையச் சோறும் மீனும் வாங்கிச் சாப்பிட்டான்.

"தம்பி, உது செத்தவைக்கு ஊத்திப்போட்டுத் தந்த சோறு."

"இது அவையின்ரை கலாசாரம் அம்மா. சாப்பிடாட்டி மரியாதையில்லை."

"அப்ப என்ரை இலைக்கு மரியாதை வேண்டாமோ?"



எங்கள் முகத்தைக் கண்டாளோ என்னவோ, கானாக்காரி தமையனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "மம்மி, உங்கடை மனிசனையும் கூப்பிடுவம். பேர் என்ன?"

போத்தல் சரிந்தபடி காத்து நின்றது. சனமெல்லாம் என் வாயைப் பார்த்தது. வாய் வரவில்லை. பாங்கில் பார்ப்பதுபோல மகனைப் பார்த்தேன்.

அவன் கோப்பையைப் புல்லில் வைத்தான். தகப்பன் பேரைச் சொன்னான். ஒருவரும் கேளாமலே பாட்டன் பேரையும் சொன்னான், ஐயர் பழக்கிய அதே ஒழுங்கில். தமையன் இரண்டையும் கோணலாய்த் திருப்பிச் சொல்லி ஊற்ற, சனம் குரல் கொடுத்தது.

என் மனம் குளிர்ந்துபோயிருக்க வேண்டும். இல்லை. வாழ்நாளில் சாராயம் மணந்தும் பாராத மனிசன், அவளுடைய வளவில், அவளுடைய போத்தலுக்கு வரவேண்டியதாய்ப் போச்சே என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஆடிக்கு இலையைப் போட்டுவிட்டு வேலிக்கு மேலால் அவளைக் கூப்பிட்டேன். "வந்து என்ரை மகனிட்டை தகப்பன்ரை பேரைக் கேள்" என்றேன். அவளிடம் போய் உதவி கேட்கும் அந்தச் சொல்லை வெளியில் எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் வந்து கேட்டாள். அவன் சொன்னான். தண்ணியை நான் விட்டேன். அவன் இலைக்கு முன்னால் குந்தவில்லை, ஆனால் குசினியை விட்டுப் போகவுமில்லை. அவள் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

அவர் பேர் என் வீட்டில் கேட்டது. ஆனால் நான் கேட்டு அசையாத பிள்ளை அவள் கேட்டதும் வாய் திறந்தானே, அது எனக்கு இன்றைக்கும் செமிக்கவில்லை.