வேற யார் ஒத்துக்கிட்டாங்க?

அலுவலகத்தில் அவளுக்கு நச்சரிப்பு என்று பெயர். பட்டம் வைத்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் வேலையே நச்சரிப்பதுதானே. அவளையும் சேர்த்து ஆறு பேர் ஒரு குமிழ் செய்திருந்தார்கள். டேப்லெட்டின் ஓரத்தில் ஒட்டிவிட்டுத் திருகினால் போதும், திரையைத் தொடாமலே சத்தம் ஏறும், கோடு தடிக்கும். ஆனால் ஆப் செய்கிறவர்கள் மனசு வைத்துத் தங்கள் ஆப்பில் அதற்கு இடம் கொடுத்தால்தான் இதெல்லாம். இல்லாவிட்டால் காகிதம் பறக்காமலிருக்க மேலே வைத்துக்கொள்ளலாம்.

இடம் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சுவது அவள் பாடு. பெரிய கடைக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் குமிழ் வரும் பெட்டியின் மேல் இரண்டு ஆப்பின் பெயராவது இருக்க வேண்டும், இல்லையென்றால் சரக்கே வேண்டாம். அவர்கள் வாங்காவிட்டால் ஆறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

யாரைக் கூப்பிட்டாலும் ஒரே கேள்வி. "வேற யார் ஒத்துக்கிட்டாங்க?" பூனைக்கு மணி கட்ட ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. வெறுத்துப்போய் ஒரு நாள் பாட்டு ஆப்காரரிடம், "படம் வரையிற ஆப் மேடம் ஒத்துக்கிட்டாங்களே சார்" என்றாள். அந்த மேடத்திடம், "பாட்டு ஆப் சார் சரின்னுட்டார் மேடம்" என்றாள். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாமாம், இரண்டு சொன்னால் என்ன? ஆளுக்கொரு குமிழும் அனுப்பிவைத்தாள். இருவரும் "யோசிக்கிறேன்" என்றார்கள். பொய் சொன்ன பயத்தில் அதற்கப்புறம் மூன்று வாரம் அவர்களை அவள் நச்சரிக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பாட்டு ஆப்காரரே கூப்பிட்டார். "நாளைக்கு ஒரு கூட்டத்துல அந்த மேடத்தைப் பார்க்கப் போறேன். வேலை எவ்வளவு கஷ்டம்னு அவங்ககிட்டயே கேட்டுட்டு முடிவு சொல்றேன்."

படிக்கட்டில் போய் உட்கார்ந்து, பஸ் ஓட்டும் கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, என் குட்டு நாளைக்கு உடையப்போகுது."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன், "நாளைக்கு உடையறதை இன்னைக்கே நீயே உடைச்சிடு. திட்டுதானே விழும், வாங்கிக்கோ" என்றான்.

அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். வாங்கப்போவது யார்? இரண்டு முறை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள். மூன்றாவது முறை அந்த மேடம் எடுத்துவிட்டார்.

"மேடம், நான் பொய் சொல்லிட்டேன். பாட்டு ஆப் சார் இன்னும் ஒத்துக்கல. அவர்கிட்ட நீங்க ஒத்துக்கிட்டதாச் சொல்லியிருக்கேன்."

விழப்போகும் திட்டுக்குப் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் செய்யறாரேன்னு நம்பித்தான் மூணு வாரம் மத்த வேலையெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு உட்கார்ந்தேன்" என்றார் மேடம். "நேத்துதான் முடிஞ்சுது. முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். குமிழ் நல்லா இருக்கு. பெட்டியில என் ஆப் பேரைப் போட்டுக்கோங்க. அவர்கிட்டயும் நல்லதாவே சொல்றேன்."

"மேடம்... எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"நன்றியெல்லாம் வேண்டாம்மா. இனிமே உங்க கம்பெனியிலேருந்து வேற யாராவது பேசட்டும். நீங்க சொன்னா, எது நிஜம்னு நான் எங்க போய் விசாரிக்கிறது?"

"சரிங்க மேடம்" என்றாள். அந்த ஆறு பேரில் போன் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.