செந்தாமரை வீட்டுப் பங்கு

தான் பிறந்த மண்ணுக்கே துப்பாக்கியோடு அனுப்பப்பட்ட ஒருவர் செத்தால் எந்த மண்ணில் படுப்பார்? ஜீவானந்தம் இப்படி யாரிடமும் கேட்டதில்லை. அவர் மனைவி செந்தாமரைதான், சாயங்காலத்தில் அவருடைய வலது பாதத்தை மடியில் வைத்துத் திருப்பிப் பார்க்கும்போது மனசுக்குள் கேட்டுக்கொள்வாள். கணுக்காலுக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி கிடையாது. முள் ஏறினாலும் தெரியாது, கொள்ளிக்கட்டையை மிதித்தாலும் தெரியாது. அதனால் தூங்கும் நேரம் தவிர கனத்த பூட்ஸைக் கழற்ற மாட்டார். கழற்றியதும் அவள் பார்க்க வேண்டும். விளக்கேற்றுவதுபோல அதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்தவர். அங்கே தோட்டத்துத் தமிழர்களைக் கள்ளத்தோணி என்றார்கள். சிறு வயதில் அப்பாவோடு கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் ஒடுகத்தூரில் வந்து நின்றபோது சிலோன்காரன் என்றார்கள். பட்டாளத்தில் சேர்ந்தார், அங்கே மதராசி. சில வருஷத்தில் அவருடைய படையை அதே தீவுக்கு அனுப்பினார்கள். தமிழ் தெரிந்தவர் என்பதால் வழி விசாரிக்கிற வேலை அவருக்கு. ஒரு வீட்டில் ஒரு பெண் தண்ணீர் கொடுத்தாள். பேச்சை வைத்தே மலைநாட்டுப் பிள்ளை என்று கண்டுகொண்டாள். பனங்காட்டு வழியாகப் போகச் சொன்னாள். அந்த வழியில்தான் கண்ணிவெடி வெடித்தது. முன்னால் போனவர்கள் யாரும் மிஞ்சவில்லை. பின்னால் வந்த இவருக்குக் கால் மட்டும் மரத்துப்போனது. அவள் தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை செந்தாமரையிடம் இதைச் சொன்னார். சந்தையில் புளி என்ன விலை போனது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அவர் ஊர் திரும்பிய காலத்தில் அந்தப் படையில் இருந்தேன் என்றால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். போளூரில் அரிசி ஆலைக் காவலுக்குப் போனபோது, காலுக்கு என்ன என்று கேட்டவர்களிடம் லாரியிலிருந்து விழுந்தேன் என்றார். காலுக்காக உதவி கேட்டுப் போன ஓர் இடத்தில், எங்கே பிறந்தாய், அதற்கு அத்தாட்சி கொண்டுவா என்றார்கள். அது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதன்பின் எங்கேயும் போய்க் கேட்கவில்லை. இதைப் பொறுமை என்று சொல்ல முடியாது. காலில் இல்லாத உணர்ச்சி மெல்ல மேலே ஏறிவிட்டதோ என்று செந்தாமரைக்குத் தோன்றும்.

ஒடுகத்தூர் சந்தைக்கு மலையிலிருந்து புளி கொண்டுவந்தவள் அவள். மலைக்குக் கீழே இருந்து வந்த கீழ்நாட்டானைக் கட்டிக்கொண்டதால் மலையூர் அவளைத் தள்ளி வைத்தது. அம்மா விட்டுப்போன நிலத்தில் ஊருக்கு வெளியே வீடு கட்டி, சாமை விதைத்துக்கொண்டு இருவரும் இருந்தார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை, பேரையும் சொல்லவில்லை. ஆடி மாதம் காளிக்கு ஆடு வெட்டி, தேக்கிலையில் கூறு வைத்து, வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பேர் கூப்பிடாத வீட்டுக்கு ஊர் இடுகாட்டில் இடமில்லை. அவளுடைய அம்மா அங்கேதான் கிடக்கிறாள். அம்மா பக்கத்தில் போய்ப் படுக்க வேண்டும் என்பது தவிர செந்தாமரைக்கு வேறு ஆசை மிச்சமில்லை.

போன வருஷம் குடியரசு நாளில் பள்ளிக்கூடத்தில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். எல்லையில் காலைக் கொடுத்தவர் என்று ஒருவர் பேசினார். எந்த எல்லை என்று யாரும் கேட்கவில்லை, ஜீவானந்தமும் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் ஊருக்குத் தலைவனான ஊர்க்கவுண்டர் வேடியப்பன், செந்தாமரைக்குத் தம்பி முறை, மனம் மாறினான். நாட்டுக்கு ஆனவர் ஊருக்கு ஆகமாட்டாரா என்று பெரியவர்களிடம் பேசி, ஆடியில் பேர் கூப்பிட ஏற்பாடு செய்தான். காளி களத்தின் எல்லைக்கல்லைத் தாண்டினால் வெறுங்காலோடு வர வேண்டும், அவ்வளவுதான்.

ஆடியில் அந்த நாளன்று ஜீவானந்தம் கல்லருகே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தார். செந்தாமரை கூட்டத்துக்குள் பெண்களோடு நின்றாள். சாணி தெளித்துப் பெருக்கிய களத்தில் பூசாரி சடையன் சட்டென்று குனிந்து பார்த்தார். ஜீவானந்தம் நடந்துவந்த தடமெல்லாம் சிவப்பாக இருந்தது. எங்கேயோ கண்ணாடித் துண்டு ஏறியிருக்கிறது. ஆடு விழுமுன் மனுஷ ரத்தம் களத்தில் விழக்கூடாது. விழுந்தால் அந்த வீட்டின் பேர் போச்சு. தெரியாமல் நடந்தது என்றால், எதனால் தெரியாமல் போனது என்று காளி முன்னால் சொல்லிவிட்டால் தீரும்.

வேடியப்பன் கிட்டே போய்த் தணிந்த குரலில் சொன்னான்.

"காலு எப்டி மரத்துப்போச்சுன்னு ஆத்தா முன்னாடி ஒரு வார்த்த சொல்லுங்க, மாமா. அன்னிக்கி பள்ளிக்கூடத்துல சொன்னாங்களே, அதயே சொன்னாகூடப் போதும்."

அவர் காலைக் குனிந்து பார்த்தார். யாரோ ஒருவருடைய கால்போலப் பார்த்தார். பிறகு, "அவ பேரச் சொல்லிக் கூப்புடு வேடியப்பா. என் பேர வுட்டுடு," என்றார்.

பெண்ணின் பேரில் கூப்பிடுவது புருஷன் செத்த வீட்டைத்தான். அது அவருக்கும் தெரியும். இத்தனை வருஷம் வெளியே நின்று பார்த்தவர்தானே.

"உயிரோட நிக்கற மனுசன எப்டிங்க கணக்குல இல்லன்றது?" என்றார் சடையன்.

செந்தாமரையின் பெரியம்மா சின்னக்குழந்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இன்னா பெரிய உயிரு. பட்டாளத்துலயே பாதி செத்துட்டுத்தான வந்தாரு. கூப்புடுங்கடா, வெயிலு ஏறுது," என்றாள். இரண்டொருவர் சிரித்தார்கள்.

அவர் திரும்பி நடந்து, கல்லுக்கு வெளியே உட்கார்ந்து, ரத்தத்தோடேயே பூட்ஸை மாட்டிக்கொண்டார்.

ஆடு விழுந்தது. கூறு வைத்தார்கள். கடைசியில், "செந்தாமரை வூடு," என்று கூப்பிட்டான் வேடியப்பன். அவள் கல்லுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அவர் தலையசைக்கவுமில்லை, வேண்டாம் என்று கையைக் காட்டவுமில்லை. தாலியை முந்தானையால் மூடிக்கொண்டு போய் இலையை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் பாதத்திலிருந்து கண்ணாடியை எடுக்கும்போது, "ஏன் அப்டி சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"எல்லாம் வந்துடுச்சா பாரு," என்றார்.

அடுத்த ஆடிக்கு வேடியப்பன் வீட்டுக்கே வந்து, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், பெரியவர்களிடம் பேசியாயிற்று, இந்த வருஷம் மாமா பேரையே கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனான். களத்தை அவனே இரண்டு தரம் பெருக்கச் செய்திருந்தான். ஜீவானந்தம் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கல் வரைக்கும் செந்தாமரையோடு வந்தார். அங்கேயே நின்றுகொண்டார். பூட்ஸைக் கழற்றவில்லை.