ஒரு சின்னக் கட்டம்

ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் இதயத் துடிப்பைத் தாளில் பதிவெடுக்கும் அவரை எல்லோரும் 'ஸ்கேல்' என்றுதான் கூப்பிடுவார்கள். மெஷின் போட்டுக் கொடுக்கும் கணக்கை அவர் நம்பவே மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளிலுள்ள சின்னக் கட்டங்களைத் தானே ஒருமுறை எண்ணுவார். பெரிய டாக்டரே கெஞ்சினாலும் அரைக் கட்டம் விட்டுத்தர மாட்டார் என்று நர்ஸுகள் கேலி செய்வார்கள்.

புதுக் காய்ச்சல் ஊரையே முடக்கிப் போட்டபோது கைவசம் வேறு மருந்தில்லை. மலேரியாவுக்குக் கொடுக்கும் பழைய மாத்திரை இந்த வைரஸையும் அடக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஜனங்கள் அதற்குள் நம்பியே விட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஆனால் அந்த மாத்திரை சிலருக்கு இதயத் துடிப்பைக் கெடுத்துவிடும். அதனால் தினமும் காலையில் பதிவு. துடிப்பின் ஒரு குறிப்பிட்ட இடைவெளி பன்னிரண்டரைக் கட்டத்தைத் தாண்டினால் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும்.

ஸ்கேலின் அக்கா கணவரும் அதே காய்ச்சலோடு வார்டில் வந்து படுத்தார். நான்காம் நாள் காலை ஸ்கேல் எண்ணினார். பதின்மூன்று. திரும்ப எண்ணினார். அதே பதின்மூன்று.

படுத்திருந்தவர் ஸ்கேலின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "மச்சான், அந்த மாத்திரையிலதான் உசுரு ஓடிட்டிருக்கு. நிறுத்திடாதீங்க," என்றார், மூச்சு வாங்க. முந்தின நாள்தான் அக்காவும் போனில் அழுதிருந்தாள்: "எப்படியாவது மாத்திரை கிடைக்கப் பாருடா."

ஸ்கேலுக்கு மனசு கேட்கவில்லை. பன்னிரண்டு என்று எழுதினார். நாற்பது கட்டிலுக்கு ஒரே டாக்டர். எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் அக்கா கணவரின் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிட்டது. காய்ச்சல்தான் காரணம் என்று எழுதினார்கள். அந்தத் தாளை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை ஒட்டினார்கள். ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்ததில் இந்தக் காய்ச்சலுக்கு அந்த மாத்திரையால் ஒரு பலனும் இல்லையாம். இனிக் கொடுக்க வேண்டாமாம். ஸ்கேல் நின்றபடியே மூன்று தடவை வாசித்தார். பலன் இருந்திருந்தாலாவது, பிழைக்க வைக்கத்தானே செய்தேன் என்று மனசைத் தேற்றியிருக்கலாம். அந்தப் பாவிக்கு அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அக்கா வீட்டுக்குப் போனார். அவர் வாயைத் திறக்குமுன் அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அங்க இருந்ததாலதான்டா அவருக்குக் கடைசி வரைக்கும் மாத்திரை கிடைச்சுது. அத நெனச்சுத்தான் கொஞ்சமாவது தூங்குறேன்."

"ஆமாக்கா," என்றார்.